செங்கோட்டை செத்த அன்று

வெள்ளிக்கிழமை காலையில் சாரல் சற்று ஓய்ந்திருந்தது. கம்புக் கிண்ணத்தோடு புறவாசலுக்கு வந்த குழல்வாய்மொழி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செங்கோட்டை செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். செங்கோட்டை என்பது இங்கே ஊர் அல்ல, கோழி. தென்காசி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் தன் கோழிகளுக்கு வேறு என்ன பெயர் வைப்பாள்? ஆலங்குளம், சுரண்டை, புளியங்குடி, கடையம் என்று, ஒரு காலத்தில் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு லைன் போட்டுக் கொடுத்த ஊர்களெல்லாம் இப்போது மேலகரத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு மூத்தவள் செங்கோட்டை.

பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். விஷயம் தெரிந்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிட்டுக்கா. மனசைத் தேத்திக்கிடுங்க."

"யாரைக் கேட்டு வாங்கிச்சு? என் கண்டத்தை நான் பாத்துக்கிட மாட்டேனா?" என்றாள் குழல்வாய்மொழி.

ஆனந்தவள்ளியின் தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் குழல்வாய்மொழிக்கு என்றைக்குமே பொறுமை இருந்ததில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது, எதனால் போனது என்று ஒருத்தர் கேட்கவில்லை. அதற்குள் கண்டமாம், கழிப்பாம்.

அடுக்களையின் பின்வாசல்படியில் அவள் நாத்தனார் லோகநாயகி வந்து நின்றாள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஜெபமாலை. கோழி நடக்கிற மண்ணில் அவள் கால் வைக்கமாட்டாள். சின்ன வயசிலேயே கணவர் இறந்து தம்பி வீட்டுக்கு வந்தவள், அந்த வீட்டு அடுக்களையையும் சாமி மாடத்தையும் அன்றிலிருந்து தன் அதிகாரத்தில் வைத்திருப்பவள்.

"சொன்னேன்லா. கேரளாவுல பறவைக் காய்ச்சலாம். புளியரை செக்போஸ்ட்டுல வண்டிக்கெல்லாம் மருந்தடிக்காவளாம். தெரு வாட்ஸ்அப்புல நேத்தே போட்டுட்டாவ. சைவாள் வீட்டுல கோழி வளத்தா இப்படித்தான் சீரழியும்."

அவளுக்குப் பின்னாலிருந்து தில்லைநாயகத்தின் குரல் வந்தது. குழல்வாய்மொழியின் கணவர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நடுங்க வைத்த மனிதர், வீட்டில் அக்காள் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை.

"மத்தியானம் மசூதை வரச் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போட்டும். தெருவுல பேச்சாயிட்டு, பாத்துக்கோ."

மசூது தென்காசியில் நாட்டுக்கோழிக் கடை வைத்திருப்பவன். அவன் கடைக்குப் போன கோழி என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"சீக்குன்னு நீங்களே சொல்லுதிய. சீக்குக் கோழியை மசூது கடைக்கு அனுப்பி ஊர்ச் சனம் வாங்கித் திங்கட்டும்னா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று குழல்வாய்மொழி திரும்பினாள். "கேட்டுக்கோங்க. இது எதுல செத்துச்சுன்னு மத்தியானத்துக்குள்ள நான் கண்டுபிடிச்சுட்டு வாறேன். சீக்குதான்னா டாக்டர் என்ன செய்யச் சொல்லுதாவளோ அதை நானே செஞ்சு முடிக்கேன். சீக்கு இல்லைன்னா ஒருத்தரும் இதுக மேல கை வைக்கப்படாது."

தில்லைநாயகம் அக்காளைப் பார்த்தார். அக்காள் மாலையை உருட்டினாள்.

ஒரு சைவப் பிள்ளைமார் வீட்டில் கோழி எப்படி வந்தது என்று கேட்பவர்கள், முதலில் அந்தப் புறவாசலின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி நிற்கும் சின்ன ஓட்டு அறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இலத்தூரில் பிறந்து, பரீட்சை எழுதி வேலை வாங்கிய குழல்வாய்மொழி, மேலகரத்துக்கு மருமகளாக வந்தபின் மாதத்தில் மூன்று நாள் அந்த அறையில்தான் இருந்தாள். வேலைக்குப் போவதற்குத் தடை இல்லை, சம்பளத்துக்குத் தீட்டு இல்லையே. வீட்டுக்குள் நுழையாமல் வாய்க்கால் கரையோடு சுற்றி நடந்து பஸ் ஏறுவாள், சாயங்காலம் அதே வழியாக அறைக்குத் திரும்புவாள். தொலைபேசி நிலையத்தில் அதிகாரிகள் வீட்டுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், இங்கே ஒரு தம்ளர் தண்ணீருக்குக் குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். லோகநாயகி தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். அதில் குரோதம் எதுவும் இருக்காது. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல, அவளுக்கு அது ஒரு வழக்கம். குழல்வாய்மொழிக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் எரியும். மாமியார் இருந்தார், பெரியவர்கள் இருந்தார்கள், பிள்ளையை வளர்க்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

வயசு ஏறி அந்த மூன்று நாள் நின்றது. பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வேலையும் நின்றது. வீட்டோடு வந்தவள் செய்த முதல் காரியம், அந்த அறையின் கதவைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அதற்குக் கொஞ்ச நாளைக்கப்புறம் ஒருநாள், மசூது மொபட்டில் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் போனான். அதில் ஒன்று, கால் கட்டப்பட்ட நிலையில், கழுத்தை வளைத்து இவளையே பார்த்துக்கொண்டு போனது.

"ஏலே மசூது, நில்லு. அதை இறக்கு."

"ஆச்சி, நீங்க சைவம்லா?"

"திங்கவா கேட்டேன்? இறக்குன்னு சொன்னேன்."

அப்படி இறங்கியதுதான் செங்கோட்டை. கதவில்லாத அறையில் குடியேறி, முட்டையிட்டு, அடைகாத்து, ஒரு குடும்பத்தையே உண்டாக்கியது. மிஞ்சிய முட்டைகளைக் குழல்வாய்மொழி ஆனந்தவள்ளிக்குக் கொடுத்துவிடுவாள். தெருவில் பேசினார்கள், சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் கிண்டல் செய்தார்கள், லோகநாயகி பேசாமல் இருந்த நாளே கிடையாது. குழல்வாய்மொழி எல்லோருக்கும் பதில் வைத்திருந்தாள்.

அந்தச் செங்கோட்டையைத்தான் இப்போது மடியில் போட்டுப் புரட்டிப் பார்த்தாள். கீரி கடித்த காயம் இல்லை. பாம்பு தீண்டிய வீக்கம் இல்லை. ஆனால் கழுத்துக்குக் கீழே தொண்டைப் பை தண்ணீர் நிறைந்ததுபோலத் ததும்பியது. முந்தின நாள் சாயங்காலமெல்லாம் அது தொட்டியை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. ஊரே நனைந்து குளிரில் விறைத்துக் கிடக்கிற சாரல் காலத்தில் எந்தக் கோழி இப்படித் தாகமெடுத்து அலையும்? மருந்து எதையாவது தின்ற உயிர்தான் அலையும்.

"மதினி, எலி மருந்து எதும் வச்சியளா?"

லோகநாயகியின் கையிலிருந்த மாலை நின்றுவிட்டது. "சிவ சிவா! எறும்பு திங்கட்டும்னு அரிசி மாவுல கோலம் போடுதவ நான். என்னைப் பாத்தா கேக்க? தில்லை, உன் பொண்டாட்டி என்ன கேக்கான்னு பாத்தியா?"

அவள் கண் கலங்கியதைக் குழல்வாய்மொழி பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. செங்கோட்டையைப் பேப்பரில் சுற்றி, சாக்கில் கட்டி, பெரிய நைலான் பையில் வைத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினாள்.

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். ஈரத் தலையும் எண்ணெய் மணமுமாக நெருக்கியடித்து நின்றார்கள். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, பலாப்பழமா?" என்று கேட்டாள்.

"செத்த கோழி."

அந்த அம்மாள் எழுந்து அடுத்த பக்கம் போய்விட்டாள். குழல்வாய்மொழி காலியான இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், பெயர் ஸ்வாதி. முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, "அறுத்துத்தாம்மா பார்க்கணும். நீங்க வெளியே இருங்க. பார்க்கத் தாங்காது" என்றாள்.

"நீங்க அறுங்க டாக்டரம்மா. நான் பாக்கேன்."

வாழ்நாளில் ஒரு மீன் அறுபட்டுக்கூடப் பார்க்காதவள் அவள். தானும் ஒரு முகக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, மேஜையிலிருந்து எட்ட நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கத்தி இறங்கியபோது கண்ணில் நீர் முட்டியது. கண்ணை மட்டும் மூடவில்லை. தன் வீட்டில் செத்த உயிருக்கு என்ன நடந்தது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்க அவள் வரவில்லை.

"கழிச்சல் நோய்னா இரைப்பையில ரத்தப் புள்ளி இருக்கும், இதுல இல்லை. பறவைக் காய்ச்சலுக்கான அடையாளமும் எதுவும் தெரியலை. வயித்துக்குள்ள பூராவும் நீர் கோத்திருக்கு பாருங்க" என்றாள் டாக்டர். பிறகு தொண்டைப் பையைத் திறந்தாள். தண்ணீரோடு கொழகொழவென்று பழுப்புத் தோலும் வெளிறிய விதைகளும் வந்தன. "மிளகாய் விதை மாதிரி இருக்கே. மிளகாய் தின்னு கோழி சாகாதே. அதுக்குக் காரமே தெரியாது."

குழல்வாய்மொழி முகக்கவசத்தைச் சற்று விலக்கினாள். புளித்த மோர் வாடை. அந்த வாடை அவளுக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

"மோர் மொளகா" என்றாள். "எங்க வீட்டு மோர் மொளகா."

"அதுல உப்பு நிறையப் போடுவாங்களா?"

"கை கையாப் போடுவாவ. ஜாடிக்கு அடியில கட்டி கட்டியா நிக்கும்."

"அப்போ அதுதாம்மா. உப்பு கோழிக்கு விஷம். கொஞ்சம் அதிகமா உள்ள போனாலே தாகமெடுத்துக் குடிச்சுக் குடிச்சே செத்துடும். வேற கோழி எதுவும் இப்படிக் குடிக்குதா?"

குழல்வாய்மொழி அப்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். தில்லைநாயகம் எடுத்தார்.

"புறவாசலுக்குப் போங்க. எது தொட்டியை விட்டு நகராம நிக்கின்னு பாத்துச் சொல்லுங்க."

"நானா?"

"பின்னே உங்க அக்காளா?"

செருப்புச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அவர் குரல் மெதுவாக வந்தது. "கழுத்துல கறுப்பு உள்ளது ஒண்ணு மூக்கை எடுக்காம குடிச்சுக்கிட்டே நிக்கி."

"ஆலங்குளம். தொட்டியைக் கவுத்துருங்க. ஒரேயடியாக் குடிக்க விடப்படாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ, செத்துருமாம். சிரட்டையில நல்ல தண்ணி கொஞ்சூண்டு வச்சுக் குடுங்க. விட்டு விட்டுக் குடுக்கணும். நான் வாற வரைக்கும் பக்கத்தை விட்டு எந்திரிக்கப்படாது. கேட்டுதா?"

லைனில் தொட்டியைக் கவிழ்த்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

கிளம்பும்போது டாக்டர், அந்தப் பண்டம் கிடக்கிற இடத்தைச் சுத்தம் செய்கிறவரை கோழிகளை அங்கே மேயவிடக் கூடாது என்றும், மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதிலும் உப்பு இறங்கியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினாள். செங்கோட்டையை அங்கேயே புதைத்துவிடுவதாகச் சொன்னாள். குழல்வாய்மொழி வெறும் பையை மடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. புறவாசலில் தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆலங்குளத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். கையில் தேங்காய்ச் சிரட்டை.

"இன்னும் உசுரு இருக்கு" என்றார், என்னவோ தானே முட்டையிட்டுப் பொரித்ததுபோல.

அவள் நேரே, அடுக்களைக் கழிவைக் கொட்டுகிற வாழை மரத்தடிக்குப் போனாள். அங்கேதான் கிடந்தது. ஒரு ஜாடி மோர் மிளகாய் முழுதாகக் கொட்டப்பட்டு, கோழிகளால் கிளறப்பட்டு, மழையில் ஊறிக் கிடந்தது. அடியிலிருந்த உப்புக்கட்டிகள் கரைந்த தண்ணீர் அறை வாசல் வரைக்கும் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது.

"மதினி, இங்கன வாங்க."

லோகநாயகி பின்வாசல்படிக்கு வந்தாள்.

"இது யார் கொட்டினது?"

"நான்தான். அதுக்கு என்ன இப்ப? முந்தாநாள் கொஞ்சம் வெயில் அடிச்சுதேன்னு நமுத்துப்போன மொளகாயைத் துவைகல்லு மேல காய வச்சேன். உன் கோழி ஏறி மிதிச்சு, வாயும் வச்சிட்டு. கோழி வாய் வச்சதை மறுபடி அடுக்களைக்குள்ள ஏத்தச் சொல்லுதியா? மிச்சம் இருந்ததையும் சேத்து ஜாடியோட கொண்டாந்து கொட்டிட்டேன். மொளகாதானே, மண்ணோட மக்கிப் போகும்னு நெனச்சேன்."

"அதைத் தின்னுதான் செங்கோட்டை செத்துச்சு. உப்பு. சீக்கும் இல்ல, காய்ச்சலும் இல்ல. டாக்டரம்மா என் கண்ணு முன்னாலயே அறுத்துக் காட்டினாவ."

லோகநாயகியின் முகம் வெளிறியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். விஷம் வச்சியளான்னு கேட்டேன்லா, அது தப்பு. தப்புன்னு சொல்லிட்டேன்." குழல்வாய்மொழி படியருகே வந்தாள். "ஆனா ஒண்ணு கேக்கேன். வாய் வச்சிட்டா, மிதிச்சிட்டா, தொட்டுட்டா, உடனே தூரக் கொண்டு போட்டுரணும். பண்டமா இருந்தாலும் சரி, மனுஷியா இருந்தாலும் சரி. போட்ட இடத்துல அது என்ன ஆச்சுன்னு ஒரு நாளாவது எட்டிப் பாத்தியளா? அந்த அறையில நான் என்ன ஆனேன்னு பாத்தியளா?"

இத்தனை வருஷம் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. வந்தது நல்லதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தில்லைநாயகம் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அறையைப் பற்றி அவரும் ஒரு நாள்கூட வாய் திறந்ததில்லை.

முன்னால் தெருவில் மொபட் ஹாரன் கேட்டது. மசூது வந்துவிட்டான். "அண்ணாச்சி, கூடு கொண்டாந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தான்.

புளியங்குடியும் கடையமும் மறுபடி வாழையடியை நோக்கி நடந்தன. குழல்வாய்மொழி விரட்டினாள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் வந்தன. மண்ணை வெட்டி அள்ளிக் கொட்டுகிறவரை அவற்றை இங்கே வைக்க முடியாது. அடைத்துப் போடலாம் என்றால் அறைக்குக் கதவில்லை. இரண்டு பக்கமும் மதில். பின்னால் வாய்க்கால் கரை முட்ட ஓடுகிறது. முன்வாசலில் முருங்கைக்குக் கீழே நல்ல மண் இருக்கிறது, ஆனால் அங்கே போக வழி ஒன்றே ஒன்றுதான். அடுக்களைக்குள் ஏறி, நடுக்கூடமான பட்டாசலில் சாமி மாடத்தைத் தாண்டி, வாசலுக்கு இறங்க வேண்டும்.

அவள் கம்புக் கிண்ணத்தை எடுத்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது லோகநாயகிக்குப் புரிந்துவிட்டது. நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அடுக்களைக்குள்ள கோழியா? சாமி இருக்க வீடுட்டி இது!"

"விலகுங்க மதினி."

"வேண்டாம். கூட்டைக் கொண்டாரச் சொல்லி இங்கனயே பிடிச்சுக் குடுத்துரலாம். நான் சொல்லுததைக் கேளு."

"சீக்கு இல்லைன்னா ஒருத்தரும் கை வைக்கப்படாதுன்னு காலையிலயே சொன்னேன். விலகுங்க."

"வீடே தீட்டாயிரும்!"

"ஆகட்டும். வீட்டைக் கழுவிக்கிடலாம். செத்ததைக் கழுவி எழுப்ப முடியுமா?"

லோகநாயகி தம்பியைப் பார்த்தாள். இந்த வீட்டில் எந்தப் பேச்சும் அந்தப் பார்வையோடு முடிந்துபோவதுதான் வழக்கம். தம்பி ஆலங்குளத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. லோகநாயகி ஒரு கையை எடுத்தாள், மறு கையையும் எடுத்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

குழல்வாய்மொழி கம்பைத் தூவிக்கொண்டே படி ஏறினாள். "புளியங்குடி! கடையம்! சுரண்டை! வாங்கட்டி இங்கன!" என்று பழைய லைன் குரலில் கூப்பிட்டாள். ஈரக் காலோடு ஒவ்வொன்றாக ஏறி வந்தன. அம்மியைச் சுற்றின, அரிசிப் பானையை எட்டிப் பார்த்தன, பட்டாசலுக்குள் நுழைந்தன. புளியங்குடி சாமி மாடத்துக்கு முன்னால் நின்று, கோழி எங்கே நின்றாலும் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டுப் போனது.

கேட்டில் நின்ற மசூது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"ஆச்சி, எத்தனை உருப்படி தேறும்?"

"ஒண்ணும் தேறாது. கூட்டை எடுத்துட்டுப் போ."

அவன் தில்லைநாயகத்தைப் பார்த்தான். அவர் ஆலங்குளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முருங்கை மூட்டில் மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு போய்க் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். மசூது வெளியே நின்றான், கோழிகள் உள்ளே நின்றன.

குழல்வாய்மொழி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலிலேயே போட்டுக்கொண்டாள். சிரட்டையில் தண்ணீர் எடுத்து ஆலங்குளத்தின் மூக்கருகே பிடித்தாள். இரண்டு வாய் குடித்ததும் எடுத்துவிட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் போட்டோகூட எடுத்தார். நாளைக்குத் தெருக் குழுவில் வரும். வரட்டும் என்று அவள் அடுத்த வாய் தண்ணீருக்குச் சிரட்டையைச் சாய்த்தாள்.